பதினேழாம் ஃபீடர்

பூகம்பத்துக்குப் பிந்தைய மாதம்,
மெட்சமோர் அணு உலையை மூடச் சொல்லி
யெரெவான் தெருவில் நின்றவர்களில் நானும் ஒருத்தி.
கையெழுத்துத் தாளில் என் பெயர்
நாலாவதோ, ஐந்தாவதோ.
பேனா மை உறைந்துபோய்
ஊதி ஊதி எழுதினேன்.
ஸ்பிடாக்கில் என் தம்பி நெர்செஹ்
அப்போதும் கல்லுக்கடியில்தான் இருந்தான்.

மூடினார்கள்.

நாலாவது குளிர்காலத்தில்
மின்பகிர்வு அறையில் என் வேலை தலைகீழானது.
அதுவரை வெளிச்சம் அனுப்பிக்கொண்டிருந்தவள்
இருட்டைப் பங்கு போட்டேன்.
சுவரளவு பலகையில் மொத்த நகரம்,
வட்டாரத்துக்கு ஒரு கைப்பிடி.
நாளுக்கு ஒரு மணி நேரம்,
தண்ணீர் தாராளமானால் இரண்டு.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பான்
பக்கத்து நாற்காலி வராஸ்தாத்.
சட்டி என்று அவன் சொன்னது சேவான் ஏரியை.
அதை மலையிலிருந்து சரித்துச் சரித்துத்தான்
எங்கள் அடுப்புகள் எரிந்தன.
கரை உள்வாங்கிக்கொண்டே போனது,
வெட்கப்பட்ட முகம் மாதிரி.

ஐம்பதில் நிற்க வேண்டிய முள்
நாற்பத்தெட்டில் தொங்கும்.
மின்சாரக் கடிகாரங்கள் பின்தங்கின.
ஒரு நாடே
தன் நேரத்துக்குத் தாமதமாக வந்துகொண்டிருந்தது.

யாரும் ஸ்விட்சை அணைப்பதில்லை அந்த நாட்களில்.
விடிகாலை மூன்றுக்குக் கைப்பிடியைத் தூக்குவேன்;
ரேடியோ அலறும், இஸ்திரிப்பெட்டி சுடும்,
மாவு பிசையத் தொடங்குவார்கள்,
முற்றங்களில் குரல் எழும்:
லூய்ஸ் எகாவ்! வெளிச்சம் வந்துவிட்டது!
என் காதில் விழாது.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
முள் ஒரு மயிரிழை இறங்குவது.

மூன்றாம் மாடி ஹ்ரிப்சிமே கதவைத் தட்டினாள்.
தரைப்பலகையை ஏற்கெனவே எரித்துவிட்டாளாம்,
இனி பியானோதான் பாக்கியாம்.
நம் தெருவுக்கு மட்டும் பத்து நிமிடம், என்றாள்.
முடியாது என்றேன்.
என் வீட்டிலும் தரை சிமெண்ட்தான், வந்து பார் என்றேன்.
அவள் பார்க்கவில்லை.

ஒரே ஒரு முறை விதியை மீறினேன்.
தொண்ணூற்று மூன்று ஜனவரி, பதினேழாம் ஃபீடர்.
நான் கைப்பிடியை இறக்கிய நொடியில்
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்ட்,
உள்ளே ஒரு தபால்காரரும் ஒரு மூட்டை மாவும்.
தொலைபேசியில் யாரோ கத்தினார்கள்.
நாலே நிமிடம் கொடுத்தேன்.
வட்டாரமே அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது.
அத்தனை கெட்டிலும் ஒரேயடியாய் ஏற,
ஃபீடர் தானாகவே துண்டித்துக்கொண்டது.
லிஃப்ட் அரை மாடி ஏறி, மறுபடி நின்றது.
காலைவரை அவர்
மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கினாராம்.

தொண்ணூற்றைந்து நவம்பரில்
இரண்டில் ஓர் உலையை மறுபடி எழுப்பினார்கள்.
விழா எதுவும் எங்கள் அறையில் இல்லை.
முள் மெதுவாக நகர்ந்தது,
நாற்பத்தொன்பது... அப்புறம் அதையும் தாண்டி.
வராஸ்தாத் சிகரெட்டை அணைக்க மறந்தான்.
நான் அழுதேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.
நெர்செஹுக்கும்தான், முள்ளுக்கும்தான்.

இன்று நாட்டில் எரியும் மூன்று விளக்கில்
ஏறக்குறைய ஒன்று அங்கிருந்து வருகிறது,
பிளவுகள் ஓடும் நிலத்தின் மேலிருந்து.
அந்த வழியாகக் காரில் போகையில்
குளிர்கோபுரங்களின் வெள்ளை ஆவியைப் பார்த்து
பின்சீட்டுக் குழந்தைகள் மேகம் என்கிறார்கள்.
நான் திருத்துவதில்லை.

அந்தத் தாளில் இன்னொரு முறை கையெழுத்திடுவாயா
என்று கேட்டாள் பத்திரிகையிலிருந்து வந்த பெண்.
இடுவேன் என்றேன்.
அணைக்கச் சொன்னால் கைப்பிடியை இறக்குவாயா?
மாட்டேன் என்றேன்.
இரண்டில் எதை எழுதிக்கொண்டாளோ.

படுக்கும் முன்
தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு
நீர் அசைகிறதா என்று சற்று நேரம் பார்ப்பேன்.
பிறகு விளக்கை அணைப்பேன்,
நானே,
எனக்குத் தூக்கம் வந்த நேரத்தில்.